கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காத நண்பர்

அட்லாண்டாவிலிருந்து:
கூட வேலை பார்க்கும் கறுப்பின நண்பரின் காரில் ஒருநாள் இரவு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டியவர், நிதானமான மனிதர். பின்னால் போலீஸ் விளக்கு சுழன்றது. ஓரங்கட்டியதும் நான்கு கண்ணாடிகளையும் இறக்கினார், உள்விளக்கைப் போட்டார், விரல்களை விரித்து இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டார். என்னிடம், "போனைத் தொடாதே" என்றார். லைசென்ஸ் ஏசி துவாரத்தில் கிளிப் போட்டு மாட்டியிருந்தது. பின்பாக்கெட் பக்கம் கை போகவே கூடாதாம். "இன்சூரன்ஸ் பேப்பர் டாஷ்போர்டில் இருக்கிறது, வலது கையால் எடுக்கட்டுமா?" என்று கேட்டு, அதிகாரி சரி என்ற பிறகுதான் அந்தக் கை நகர்ந்தது. பின்விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அதே சாலையில் என்னையும் நிறுத்தியிருக்கிறார்கள். டாஷ்போர்டைக் குடைந்து பேப்பர் தேடினேன், அதிகாரி பொறுமையாக நின்றார்.

இதையெல்லாம் நண்பருக்குக் கற்றுக்கொடுத்தது அவருடைய அப்பா. இப்போது இவர் தன் மகனை, நிறுத்திய காரில் உட்காரவைத்து ஒத்திகை பார்க்க வைக்கிறார். 2016-ல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீலை இப்படித்தான் ஓரங்கட்டச் சொன்னார்கள். அவரும் கறுப்பினத்தவர், பள்ளிக்கூட கேன்டீனில் வேலை பார்த்தவர். உரிமம் பெற்ற துப்பாக்கி தன்னிடம் இருப்பதை அவரே முன்கூட்டிச் சொன்னார். காதலியும் அவருடைய நான்கு வயது மகளும் காரில் இருக்கும்போதே ஒரு போலீஸ் அதிகாரி சுட்டுக் கொன்றார். சுட்ட அதிகாரி 2017-ல் விடுதலையானார். இதைச் சொல்லும்போது நண்பரின் குரல் உயரவே இல்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

நியூஜெர்சியிலிருந்து:
அண்ணா, எங்கள் பக்கத்து வீட்டுக் கறுப்பினக் குடும்பம் ஞாபகம் வருகிறது. வீட்டுக்கு விலை மதிப்பிட ஆள் வருவதற்கு முந்தின நாள், கல்யாணப் படம், பாட்டி படம் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள். யார் வீடு என்று தெரிந்தால் விலை குறையுமாம். 1930-களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு மையால் குறித்து, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று வரைபடம் போட்டது அரசாங்க அமைப்புதான். வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968-ல்தான் வந்தது.

டாலஸிலிருந்து:
நம்மவர்கள் பெருவாரியாக அமெரிக்காவுக்கு வர வழிவிட்டது 1965 குடியேற்றச் சட்டம். கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி அடிபட்டு நடத்திய போராட்டம் இல்லாமல் அது வந்திருக்காது. விருந்துகளில் "அவங்க ஏரியாவில் வீடு வாங்காதே" என்று யாராவது ஆரம்பித்தால் நான் இதைத்தான் சொல்கிறேன். அண்ணா, உங்கள் நண்பர் சம்மதித்தால், அந்த ஒத்திகையைப் பற்றி எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லலாமா?