சவாரிகளை ஏன் மூடுகிறார்கள்? குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

அருண்: வித்யா அக்கா, புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் இருக்கும் மேஜிக் கிங்டம் பொழுதுபோக்குப் பூங்கா பற்றி நீங்கள் இங்கே எழுதியதைப் படித்தேன். 1971ஆம் ஆண்டு பூங்கா திறந்த நாளிலிருந்து இருந்த ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா ஆறும், 1973இல் சேர்ந்த டாம் சாயர் தீவும், லிபர்ட்டி பெல் நீராவிப் படகும் 2025 ஜூலை 6ஆம் தேதியோடு முடிந்துபோனதில் உங்களுக்கு எவ்வளவு வருத்தம் என்பது புரிகிறது. ஆனாலும் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. அந்தப் படகுக்கு எப்போதாவது நீண்ட வரிசை நின்றதுண்டா? மக்கள் தேடி வராத ஒன்றை எந்தப் பூங்காதான் எத்தனை காலத்துக்கு வைத்துக்கொண்டிருக்கும்?

வித்யா: கூட்டம் வராததால்தான் மூடுகிறார்கள் என்பதை நான் ஏற்கவில்லை, தம்பி. அப்படியானால் அதே பூங்காவில் இருந்த ஸ்பிளாஷ் மவுண்டன் நீர்ச் சவாரியை எதற்காக மூடினார்கள்? புளோரிடாவில் 2023 ஜனவரியில் அதன் கடைசி நாள் வரை மக்கள் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். 1946இல் வந்த ஒரு படத்தின் கதாபாத்திரங்களை வைத்து அமைக்கப்பட்ட சவாரி அது. கறுப்பின மக்களைக் காட்டிய விதத்துக்காகக் கண்டனத்துக்குள்ளான அந்தப் படத்தை டிஸ்னியே அமெரிக்காவில் வீடியோவாகக்கூட வெளியிட்டதில்லை. அதன் கதையின் மேல் ஒரு சவாரியை நிறுத்தி வைத்திருப்பது சரியில்லை என்று 2020இல் முடிவெடுத்தார்கள். அதே நீர்த்தடத்தில் 2024இல் டிஸ்னி படத்தின் இளவரசி டியானாவின் கதை வந்தது. அந்த முடிவு நியாயமானது என்றே நினைக்கிறேன். நான் சொல்ல வருவது, அங்கே கூட்டத்துக்கும் மூடியதற்கும் தொடர்பே இல்லை என்பதுதான்.

அருண்: டோக்கியோ டிஸ்னிலேண்டில் அதே ஸ்பிளாஷ் மவுண்டன் இன்னும் ஓடுகிறதே?

வித்யா: ஓடுகிறது. அந்தப் பூங்காவை நடத்துவது ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். டிஸ்னியிடம் உரிமம் பெற்று நடத்துகிறார்கள். யார் கையில் பணமும் முடிவும் இருக்கின்றன என்பதும் ஒரு காரணம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சித்தப்பா: நீங்கள் இருவரும் கதையையும் கூட்டத்தையும் பற்றியே பேசுகிறீர்கள். இயந்திரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அதே மேஜிக் கிங்டமில் நீர்மூழ்கிக் கப்பல் சவாரி ஒன்று இருந்தது. 1994 செப்டம்பரில் மூடப்பட்டது. பராமரிப்புக்காகத்தான் மூடுகிறோம் என்றார்கள். பிறகு திறக்கவே இல்லை. அதை விரும்பாதவர்கள் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு கப்பலுக்குச் சுமார் நாற்பது பேர்தான். அந்த நாற்பது பேரும் குறுகலான வாயில் வழியாக ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கி உள்ளே போய், முடிந்ததும் அதே போல் ஏறி வெளியே வர வேண்டும். முதியவர் ஒருவர் படியில் நின்றுவிட்டால் பின்னால் வரும் கப்பல்கள் எல்லாமே நின்றுவிடும். சக்கர நாற்காலியில் வருபவருக்கோ வழியே கிடையாது. அதன் மேல், எப்போதும் நீரில் கிடக்கும் இயந்திரத்தை நல்ல நிலையில் வைத்திருக்க ஆகும் செலவு தரையில் ஓடும் இயந்திரத்துக்கு ஆவதைப் போலப் பல மடங்கு இருக்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள், அதற்கு எவ்வளவு செலவாகிறது என்ற கணக்கில் அது தோற்றுவிட்டது.

மாலதி அத்தை: கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் இருந்த அதே போன்ற கப்பல்களைத் திரும்பக் கொண்டுவந்தார்களே, தம்பி? பேரப்பிள்ளைகளோடு போனபோது நானே பார்த்தேன்.

சித்தப்பா: ஆமாம் அக்கா. அங்கே 1998இல் மூடி, 2007இல் நீமோ மீனின் கதையோடு திறந்தார்கள். டீசல் இயந்திரத்தை எடுத்துவிட்டு மின்சாரத்துக்கு மாற்றினார்கள். படியிறங்க முடியாதவர்கள் அதே காட்சிகளைப் பார்ப்பதற்குத் தனியாக ஓர் அறையும் கட்டினார்கள். மனமிருந்தால் செய்ய முடியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மனம் வருவதற்கு அவர்களுக்கு ஒரு புதிய படம் தேவைப்பட்டது.

அருண்: இயந்திரம் என்று வந்துவிட்டதால் நானும் சொல்கிறேன். நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்தில் இருந்த கிங்டா கா ரோலர் கோஸ்டரை 2024 நவம்பரில் நிறுத்தி, 2025 பிப்ரவரி 28ஆம் தேதி வெடி வைத்துச் சாய்த்தார்கள். 456 அடி உயரம். மூன்றரை நொடியில் மணிக்கு 206 கிலோமீட்டர் வேகம். புறப்படுவதற்கு முன் வண்டி சற்றே பின்னால் நகரும். தண்டவாளத்தின் நடுவில் நிற்கும் பிரேக் தகடுகள் ஒரே சமயத்தில் கீழே இறங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் தலையைப் பின்னால் சாய்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அடிக்கடி வருபவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு யோசிக்க நேரம் இருக்காது. அதை நான் எவ்வளவு நேசித்தேன் என்பது இந்தக் குழுவில் எல்லோரும் அறிந்ததே. ஆனாலும் அதை எடுத்தது சரியென்றே சொல்வேன். அழுத்தமேற்றிய எண்ணெயால் இயங்கும் விசையும் இரும்புக் கயிறும் கொண்டு வண்டியை எறியும் அந்த அமைப்பு ஓயாமல் பழுதாகும். காற்று சற்றுப் பலமாக வீசினாலும் நிறுத்திவிடுவார்கள். ஒஹாயோவில் அதே வகையைச் சேர்ந்த டாப் திரில் டிராக்ஸ்டரிலிருந்து 2021இல் ஓர் உலோகத் துண்டு கழன்று, வரிசையில் நின்ற பெண்ணைத் தாக்கியது. அதன் பிறகு அங்கேயும் எண்ணெய் விசையைக் கைவிட்டு, காந்த விசைக்கு மாற்றித்தான் 2024இல் திறந்தார்கள்.

மாலதி அத்தை: இங்கே சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன வலி. செந்தோசாவில் 37 மீட்டர் உயரத்துக்கு நின்ற மெர்லயன் சிலையை 2019இல் மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். தீவின் இரு பக்கங்களையும் இணைக்கும் நடைபாதைக்கு அந்த இடம் தேவைப்பட்டது. யுனிவர்சல் ஸ்டுடியோஸில் மடகாஸ்கர் படகு சவாரி 2022இல் போய்விட்டது. அங்கே 2025இல் மினியன்கள் வந்துவிட்டார்கள். மினியன்களைப் பிள்ளைகள் கொண்டாடுகிறார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தப் படகில் குளிர்ந்த இருட்டில் உட்கார்ந்து பேரப்பிள்ளையை மடியருகே வைத்துக்கொண்டு மெதுவாகப் போய்வருவது என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வெயிலில் நடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வித்யா: அத்தை, நான் சொல்ல நினைத்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். சித்தப்பா சொல்லும் செலவுக் கணக்கையும், அருண் சொல்லும் பாதுகாப்பையும் நான் மறுக்கவில்லை. எந்தச் சவாரியும் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஒன்றை எடுத்துவிட்டு அங்கே வைப்பது, எடுத்தது செய்த வேலையைச் செய்கிறதா என்பதே என் கேள்வி. வால்ட் டிஸ்னி வேர்ல்டின் இன்னொரு பூங்காவான எப்காட்டில் ஹொரைசன்ஸ் என்று ஒன்று இருந்தது. கால் மணி நேரம் உட்கார்ந்தபடியே எதிர்காலத்தின் வீடுகளையும் கடலடி ஊர்களையும் பார்த்துக்கொண்டு போகலாம். செலவை ஏற்றுக்கொண்டிருந்த ஜெனரல் எலக்ட்ரிக் 1993இல் விலகியது. அதன் பிறகு தள்ளாடி, 1999 ஜனவரியில் ஒரேயடியாக மூடப்பட்டது. அந்த இடத்தில் 2003இல் வந்த மிஷன் ஸ்பேஸ் வேகமாகச் சுழலும் இயந்திரம். 2006இலிருந்து அதில் சுழலாத வகையும் உண்டு; ஆனால் சுழலும் வகையில் தலை சுற்றுபவர்கள் ஏற முடியாது, உயரம் போதாத சிறு பிள்ளைகள் இரண்டிலுமே ஏற முடியாது.

வித்யா: இன்னொரு நாளையும் நினைவில் வைத்திருக்கிறேன். 2017 ஆகஸ்ட் 13. ஒரே நாளில் எப்காட்டின் யுனிவர்ஸ் ஆஃப் எனர்ஜியையும் பக்கத்துப் பூங்காவான ஹாலிவுட் ஸ்டுடியோஸின் கிரேட் மூவி ரைடையும் மூடினார்கள். முதலாவது முக்கால் மணி நேரம், மற்றது இருபது நிமிடத்துக்கு மேல். இரண்டிலும் உயரக் கட்டுப்பாடு கிடையாது. முதலாவதன் இடத்தில் இப்போது இருப்பது ரோலர் கோஸ்டர். 42 அங்குலம், அதாவது மூன்றரை அடி உயரமில்லாத குழந்தையை அனுமதிக்க மாட்டார்கள். குழந்தை வெளியே நின்றால் கூடவே பெரியவர் ஒருவரும் வெளியே நிற்கிறார். பெரும்பாலும் அது பாட்டியாகத்தான் இருக்கும்.

அருண்: பாதியை மட்டும் சொல்கிறீர்கள், அக்கா. கிரேட் மூவி ரைடின் இடத்தில் 2020இல் வந்த மிக்கியின் ரயிலில் உயரக் கட்டுப்பாடு இல்லை, கைக்குழந்தையோடும் ஏறலாம். எப்காட்டின் நார்வே அரங்கில் மேல்ஸ்ட்ரம் படகு சவாரி போய் 2016இல் ஃபுரோசன் படத்தின் சவாரி வந்தது. அதே படகுகள், அதே தடம், அதுவும் எல்லோருக்குமானது. படத்தின் கதாபாத்திரம் வந்தாலே குடும்பத்துக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது.

வித்யா: அது நியாயமான பேச்சு, மிக்கியின் ரயில் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது ஓடுவது ஐந்து நிமிடம். அதற்காகக் காத்திருப்பது பல மடங்கு நேரம். உட்கார்ந்திருந்த நேரம் குறைந்து நின்றிருக்கும் நேரம் கூடிவிட்டது. நீ முதலில் கேட்ட கேள்விக்கும் இதில்தான் பதில் இருக்கிறது, தம்பி. யுனிவர்ஸ் ஆஃப் எனர்ஜியில் ஒரே தடவையில் ஐந்நூறு பேருக்கு மேல் உள்ளே போய்விடுவார்கள். வாசலில் வரிசை எப்படி இருக்கும்? லிபர்ட்டி பெல்லிலும் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக ஏறினார்கள். இன்று எல்லோரும் கைப்பேசியில் காத்திருப்பு நேரத்தைப் பார்த்துத்தான் ஒரு சவாரியின் மதிப்பை எடைபோடுகிறார்கள். கூட்டத்தை நன்றாக உள்வாங்கிய சவாரிக்குப் பத்து நிமிடம் என்று காட்டும். உடனே அதை யாரும் விரும்பவில்லை என்று சொல்லிவிடுகிறோம். வேலையைச் சரியாகச் செய்ததே அதற்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

சித்தப்பா: இதை நான் ஒப்புக்கொள்கிறேன். படகு மூடப்பட்டால் அதில் இருந்தவர்கள் எல்லோரும் மற்ற வரிசைகளில்தான் போய்ச் சேருவார்கள். ஆனால் ஆற்றைப் பொறுத்தவரை ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் படகில் உண்மையான நீராவி இயந்திரம் இருந்தது. கொதிகலனின் ஆவிதான் பின்னாலிருந்த துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றியது. நீருக்கடியில் இருந்த இரும்புத் தடம் அதை வழிநடத்தியது. அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆட்கள் வேண்டும். கரையைக் காக்க வேண்டும். தீவுக்குத் தனியாகத் தெப்பம் விட வேண்டும். பூங்காவின் நடுவே அத்தனை பெரிய இடத்தில் 'கார்ஸ்' படத்துக்கென்று ஒரு புதிய பகுதியை அமைத்தால் வருமானம் கூடும் என்று கணக்குப் போடுபவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

வித்யா: நான் சொல்வேன், சித்தப்பா. வால்ட் டிஸ்னி வேர்ல்டு ஏறக்குறைய 40 சதுர மைல் நிலம். இடமில்லாத கலிபோர்னியாவிலேயே ஸ்டார் வார்ஸ் பகுதிக்காக அங்கிருக்கும் இதே போன்ற ஆற்றின் ஒரு பகுதியைச் சுருக்கி, 2017இல் படகைத் திரும்ப ஓடவிட்டார்கள். நிலமில்லாத இடத்தில் ஆறு பிழைத்தது. நிலம் பரந்து கிடக்கும் இடத்தில் தூர்ந்தது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் திறந்த நீரும், மரமும், கூட்டம் இல்லாத வெளியும் தெரிந்ததே, அதற்கு எந்தக் கணக்கேட்டில் வரவு வைப்பார்கள்?

அருண்: ரசிகர்கள் எதிர்த்தால் கேட்பார்களா? 1997இல் மேஜிக் கிங்டமில் மிஸ்டர் டோடின் சவாரியைக் காப்பாற்றப் பச்சைச் சட்டை அணிந்து பூங்காவுக்குள் கூடினார்கள். அப்படியிருந்தும் 1998 செப்டம்பரில் மூடிவிட்டு, அடுத்த ஆண்டே வின்னி த பூவைக் கொண்டுவந்தார்கள்.

வித்யா: அதே டோடின் சவாரி கலிபோர்னியாவில் 1955இலிருந்து இன்றுவரை ஓடுகிறது. அங்கே வருபவர்களில் நிறையப் பேர் பக்கத்து ஊர்க்காரர்கள். ஆண்டு முழுவதும் வருகிறார்கள். பழையதைத் தேடித்தான் வருகிறார்கள். புளோரிடாவுக்கோ வாழ்நாளில் ஓரிரு முறை வருபவர்கள் அதிகம். விளம்பரத்தில் காட்டப் புதிதாக ஒன்று தேவைப்படுகிறது. கூச்சல் போடுவதைவிட அடிக்கடி ஏறுவதுதான் உதவும் என்பது என் எண்ணம்.

மாலதி அத்தை: டிசம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறோம், வித்யா. எண்பது வயதில் அவர்கள் ஏறக்கூடியது என்னவெல்லாம் மிச்சம் இருக்கிறது?

வித்யா: இன்னும் இருக்கின்றன, அத்தை. பூங்காவைச் சுற்றி வரும் நீராவி ரயில் இருக்கிறது. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்யப்பட்ட கேரசல் ஆஃப் பிராக்ரஸ் அரங்கில் இருக்கையில் அமர்ந்திருந்தால் போதும், அரங்கமே சுழன்று காட்சியை மாற்றும்; ஏறக்குறைய இருபது நிமிடம், குளிர்சாதன வசதியோடு. 1975இலிருந்து மேலே ஓடும் பீப்பிள்மூவரில் ஏற மட்டும் நகரும் தளத்தில் நான்கைந்து அடி வைக்க வேண்டும். நான் பாட்டியின் கையைப் பிடித்துக்கொள்கிறேன். அந்த மூன்றிலும் முதல் நாளே ஏறுவோம், முடிந்தால் இரண்டாவது முறையும் ஏறுவோம்.

சித்தப்பா: காத்திருப்பு நேரப் பலகைக்குப் பக்கத்திலேயே அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதையும் காட்டச் சொல்லி எழுதலாம். எழுதுவதாக இருந்தால் நானும் கையெழுத்திடுகிறேன்.

அருண்: ரோலர் கோஸ்டர் ரசிகனாக இருந்தாலும் நானும் கையெழுத்திடுகிறேன், சித்தப்பா. டிசம்பரில் நானும் வருகிறேன்.