வளர்மீளடி: ஒரு சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பாட்டில் திரும்ப வரும் அடிகள் முன்பிருந்ததைவிடச் சற்று வளர்ந்து வந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு, ‘படிப்படியான மீளுரைத்தல்’ என்று ஒரு பரிந்துரை வந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது விளக்கம், பெயர் ஆகாது.

தாமஸ் ஹூட்டின் ‘சட்டையின் பாட்டு’ 1843 டிசம்பரில் லண்டன் ‘பஞ்ச்’ இதழில் ஆசிரியர் பெயரின்றி வந்தது. வயிற்றுப்பாட்டுக்காக இரவும் பகலும் சட்டை தைக்கும் பெண் பாடுகிறாள். ‘ஸ்டிச்! ஸ்டிச்! ஸ்டிச்!’ என்று மூன்று அழுத்தங்கள். நடுவே மூச்சு விட ஓர் அசைகூட இல்லை. தமிழில் ‘தை! தை! தை!’ என்றால் ஓரெழுத்தாக நிற்கும் மூன்று நேரசை. ஊசி இறங்கும் கதி அப்படியே கிடைத்துவிடுகிறது. ‘உழை! உழை! உழை!’ என்றால் ஈரெழுத்து இணைந்த நிரையசையாகி நடை தளர்ந்துவிடும். ‘விரைசொல் அடுக்கே மூன்று வரம்பாகும்’, அதாவது விரைவைக் காட்டும் சொல் மூன்று முறை வரை அடுக்கி வரலாம் என்று தொல்காப்பியம் வகுத்துவிட்டது. இதற்குப் புதுச்சொல் தேவையில்லை, அடுக்கு போதும்.

புதுச்சொல் கேட்பது பாட்டின் கடைசிக் கண்ணிதான் (கண்ணி என்று இங்கே பாட்டின் ஒரு பத்தியைச் சொல்கிறேன்). முதல் கண்ணியே அங்கு மீண்டும் வருகிறது, ஆனால் ஓர் அடி கூடுதலாக: இந்தக் குரல் செல்வரின் செவிக்கு எட்டாதா என்ற ஏக்கம். முதல் கண்ணியில் ‘ஸ்டிச்’ என்பதோடு ‘பிட்ச்’ (குரலின் சுருதி) ஈற்றோசையில் இயைந்திருந்தது. இப்போது ‘ரிச்’ (செல்வர்) என்ற சொல்லும் அதே இயைபில் வந்து சேர்கிறது. தைக்கிறவளின் ஊசியும் செல்வரின் பெயரும் ஒரே ஓசையில் முடிச்சிடப்படுகின்றன. மொழிபெயர்ப்பில் முதலில் பறிபோவது இந்த முடிச்சுதான். எத்தனை முறை முயன்றும் எனக்கு அது தமிழில் வசப்படவில்லை.

இப்படி வளர்ந்து திரும்புவதை ‘மடக்கு’ என்று சொல்ல முடியாது. அதில் வந்த சொல்லே வேறு பொருளில் வர வேண்டும். கச்சேரியில் ஒரே வரியைச் சங்கதி சங்கதியாகப் பாடுவது நெருங்கி வருகிறது. ஆனால் அங்கே சொல் நிற்க, இசை வளர்கிறது. இங்கே சொல்லே வளர்கிறது.

ஆகவே, மாறாமல் திரும்புவதை ‘மீளடி’ என்றும் வளர்ந்து திரும்புவதை ‘வளர்மீளடி’ என்றும் சொல்லலாம். வளர்பிறை போன்ற வினைத்தொகை. அதே நிலவுதான், நேற்றைவிடக் கொஞ்சம் கூட.

இதே பாட்டில் தையல் வேலைகள் மூன்றை வரிசையாகச் சொல்லி, அடுத்த அடியிலேயே தலைகீழாகச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அங்கே எதுவும் வளரவில்லை. துணியைத் திருப்பிப் போட்டுத் தைப்பது போல வரிசைதான் திரும்புகிறது. அதற்குத் தனிப்பெயர் வேண்டும். ‘எதிர்நிரல்’ என்பது பொருந்துமா? யாப்பறிந்தவர்கள் சொல்லுங்கள்.