அக்காவுக்கு ஸ்லீவ் ஆபரேஷன்: என்னென்ன ஆபத்து?

பொன்னிக்கரை:
அக்காவுக்கு வயது 41, உயரம் 158 செ.மீ., எடை 108 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். எடை குறைய, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து மீதியைக் குழாய்போல் ஆக்கும் ஸ்லீவ் ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்துவிட்டார்கள். 'மூன்றே நாளில் வீட்டுக்குப் போகலாம்' என்கிறார்கள். அம்மாவோ பயந்துபோய் அழுகிறார். செய்துகொண்டவர்கள் உள்ளதைச் சொல்லுங்களேன்.

தென்காசிக்காரி:
நான் 2019-இல் செய்துகொண்டேன். 38 கிலோ குறைந்தது, சர்க்கரை மாத்திரையும் நின்றது. செய்துகொண்டதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஐந்தாவது வாரம் நடந்ததை உங்கள் அக்கா கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு ஸ்பூன் குழைந்த தயிர்சாதம் கூட உள்ளே நிற்கவில்லை, எல்லாம் வாந்தி. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்திருக்கிறார்கள், அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தோம். பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. பாதம் மரத்துப்போய், சுவரைப் பிடிக்காமல் பாத்ரூம் வரை போக முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில்தான் காரணம் தெரிந்தது. வைட்டமின் பி1, அதாவது தயமின், தீர்ந்துபோயிருக்கிறது. உடம்பில் அதற்குப் பெரிய கையிருப்பு கிடையாது. விடாமல் வாந்தி எடுத்தால் சில வாரங்களிலேயே காலியாகிவிடும். அந்த நிலையில் தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கே ஆபத்தாகலாம். நரம்பு வழியாக தயமின் கொடுத்ததும் பார்வை சரியானது. வாந்திக்குக் காரணம் இரைப்பைக் குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருந்தது. எண்டோஸ்கோப்பியில் பலூன் விட்டு விரித்தார்கள். பாதத்தில் மரமரப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

வாந்தி இரண்டு நாள் தாண்டினால் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள். வேறு எங்கே போனாலும் 'ஸ்லீவ் செய்திருக்கிறது, தயமின் போட்டீர்களா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். எங்களுக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை.

அப்புறம், எட்டாவது மாதம் பித்தப்பையில் கல். எடை வேகமாகக் குறைந்தால் வருமாம். முடியும் கொட்டியது, ஆனால் அது திரும்ப வளர்ந்துவிட்டது.

வார்டுசிஸ்டர்:
சர்ஜரி வார்டில் இருக்கிறேன். வீட்டுக்குப் போன பிறகும் உள்ளே இரைப்பையில் தையல் போட்ட இடத்தில் கசிவு வரலாம். காய்ச்சல், படபடவென்ற நாடித்துடிப்பு, வயிற்றிலோ தோளிலோ வலி இருந்தால் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டாம், உடனே வாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதற்காகத்தான் ஆபரேஷன் அன்று சாயங்காலமே எழுப்பி நடக்க வைக்கிறோம். அக்காவுக்குக் குறட்டை உண்டா? மயக்க டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள்.

பொன்னிக்கரை:
குறட்டை உண்டு. ராத்திரி நெஞ்செரிச்சலும் உண்டு. அதை நாங்கள் டாக்டரிடம் சொல்லவே இல்லை.

தென்காசிக்காரி:
தேதி வருவதற்குள் சொல்லிவிடுங்கள் தம்பி. ஸ்லீவ் செய்தால் நெஞ்செரிச்சல் கூடலாம், எனக்கும் கூடியது. எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டு, இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலோடு நேரே இணைக்கும் ஆபரேஷன்) இன்னும் பொருந்துமா என்று கேளுங்கள். பைபாஸ் என்றால் இரும்புச்சத்து, பி12, கால்சியம் எல்லாம் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும்; புரூஃபென் போன்ற வலி மாத்திரையைத் தொடக்கூடாது, புண் வந்துவிடும். அம்மாவையும் கூட்டிப்போங்கள். அவர் கேட்க நினைப்பதை டாக்டரிடமே கேட்கட்டும்.