புதுப்பிப்பு: கார்னர்ல கோல் வாங்குற பிரச்சனை, முதல் மேட்ச் 2-1 ஜெயிச்சாச்சு

எதிரணிக்கு கார்னர் (மைதான மூலையில இருந்து அடிக்கிற கிக்) வந்தாலே எங்க காலேஜ் ஃபுட்பால் டீம் கோல் வாங்குது, என்ன பண்ணலாம்னு கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. வேலூர் நேதாஜி ஸ்டேடியத்துல சீசன் முதல் மேட்ச், 2-1னு ஜெயிச்சிட்டோம். வேலை செஞ்சது இங்க பதில் போட்ட காட்பாடி அண்ணன் சொன்னதுதான்: ஆளுக்கு ஆள் மார்க் பண்றத விட்டுட்டு நியர் போஸ்ட்ல (கார்னர் அடிக்கிற பக்கத்து கோல் கம்பம்) ஒருத்தன், சிக்ஸ் யார்ட் பாக்ஸ்ல (கோலுக்கு முன்னாடி இருக்கிற சின்ன கட்டம்) உயரமான மூணு பேர் இடம் பிடிச்சு நிக்கணும். கடைசி நிமிஷ கார்னர் கீப்பர் கையைத் தாண்டிடுச்சு, போஸ்ட்ல நின்ன பையன் கோட்டு மேலயே தலையால முட்டி வெளிய தள்ளிட்டான், அண்ணா அந்த ஜெயிப்பு உங்களுதுதான்.

எதிர்பார்க்காதது, வாங்குன ஒரு கோலும் த்ரோ-இன்ல (சைடு கோட்டுக்கு வெளிய போன பந்தை கையால எறியறது) வந்துச்சு. நேரா த்ரோ-இன்ல வர்ற பந்துக்கு ஆஃப்சைடு (டிஃபென்ஸைத் தாண்டி முன்னாடி நின்னு பந்து வாங்குற தப்பு) கிடையாது, அவங்க ஃபார்வர்டு நம்ம டிஃபென்ஸுக்குப் பின்னாடி தனியா நின்னு வாங்கி அடிச்சிட்டான். இனிமே த்ரோ-இன் அப்பவும் ஒரு டிஃபெண்டர் எதிரணி ஃபார்வர்டுக்கும் கோலுக்கும் நடுவுல நிக்கணும்னு பசங்ககிட்ட சொல்லியாச்சு.