புதுப்பிப்பு: முத்துவின் அரிப்பும் பூந்திக்கொட்டை ஷாம்பும்

எங்கள் ராஜபாளையம் நாய் முத்துவுக்கு வயிறு சிவந்து அரிக்கிறது, வீட்டிலேயே ஷாம்பு செய்யலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முதலில் டாக்டரிடம் போனோம். தோலைச் சுரண்டிப் பார்த்து, சொறிப்பூச்சி இல்லை என்றார். அதுவே பெரிய நிம்மதி.

நீங்கள் சொன்ன சீயக்காய்ப் பொடி ஒத்துவரவில்லை. எவ்வளவு அலசியும் துகள் முடிக்குள்ளேயே தங்கி, இன்னும் சிவந்துவிட்டது. எலுமிச்சையும் வேண்டாம், சொறிந்த தோலில் எரியும். டீ ட்ரீ எண்ணெய் பக்கமே போகாதீர்கள்; நாய்க்கு அது விஷம்.

இப்போது, விதை நீக்கிய 6 பூந்திக்கொட்டையை அரை லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டு, துணியில் இருமுறை வடிகட்டுகிறேன். ஆறியதும் மாவாக அரைத்த ஓட்ஸ் 3 ஸ்பூன். கஞ்சிபோல வழுவழுவென்று வரும். அதை முத்துவின் உடம்பில் தேய்த்து, 5 நிமிடம் ஊறவிட்டு நன்றாக அலசுகிறேன். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், அதனால் முகத்துக்கு வெறும் ஈரத்துணிதான். மீந்ததை வைக்காதீர்கள், கெட்டுவிடும்.

வாரம் ஒன்றாக 4 குளியல் முடிந்தது. சிவப்பு வெளிறி, அக்குளில் பூனைமுடிபோலப் புது வெள்ளை முடி தெரிகிறது. காதை மட்டும் இன்னும் சொறிகிறான். சனிக்கிழமை மறுபடியும் டாக்டரிடம் போகிறோம்.