மச்சானின் மாங்கூழ் கடனும் சிபிஐயும்

சிபிஐ என்றாலே டெல்லி, மந்திரி, ஆயிரம் கோடி என்றுதான் எங்கள் பக்கம் நினைப்பு. என் மச்சான் காவேரிப்பட்டணம் பக்கம் சின்னதாக மாங்கூழ் யூனிட் வைத்திருக்கிறார். சீசனுக்கு முன்னால் மெஷின் வாங்க ஒரு அரசு வங்கியில் கடன் கேட்டார். பேப்பரெல்லாம் சரியாக இருந்தும் அதிகாரி இழுத்தடித்து, கடைசியில் தொகையில் ஒரு சதவீதம் என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

கிருஷ்ணகிரி லஞ்ச ஒழிப்புத் துறையில் விசாரித்தோம். வங்கி ஆள் என்றால் சென்னையில் சிபிஐயின் ஊழல் தடுப்புப் பிரிவுக்குப் போங்க என்றார்கள். போனால் நம்மையே குடைவார்கள் என்று பயந்தோம், ஆனால் பொறுமையாகத்தான் கேட்டார்கள். நோட்டு எண்களைக் குறித்து, பினாப்தலின் பவுடர் தடவி, வேறு அலுவலக ஊழியர்கள் இருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு வந்தார்கள். அதிகாரி பணத்தை வாங்கியதும் சோடியம் கார்பனேட் கரைசலில் கையை விடச் சொன்னார்கள். நோட்டில் தடவிய பவுடர் கையில் ஒட்டியிருந்ததால் கரைசல் ரோஸ் நிறமாகிவிட்டது, மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிடித்தது ஒரே நாளில். அப்புறம்தான் இழுவை. கோர்ட் வழக்கை ஏற்க வேண்டுமானால், அந்த ஆளை வேலையை விட்டு நீக்கும் அதிகாரம் உள்ளவர் அனுமதி தரணும், அதாவது அதே வங்கி! 3 மாதத்துக்குள், மிஞ்சினால் இன்னும் 1 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தம் சொல்கிறது. எங்களுக்கு அதையும் தாண்டித்தான் வந்தது.

கையும் களவுமாகப் பிடிபட்டவருக்கே இப்படி. மேலிடத்தில் டெண்டர், கொள்முதல் என்று முடிவெடுத்தவர் மேல் புகார் என்றால் அதே சட்டத்தின் 17ஏ பிரிவுப்படி விசாரணையைத் தொடங்கவே அனுமதி வேண்டும். 2013ல் நிலக்கரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சிபிஐயைக் கூண்டுக்கிளி என்றதை எல்லோரும் ஷேர் செய்கிறோம், கூண்டைப் பூட்டுகிற இந்தப் பிரிவுகளை யார் படிக்கிறார்கள்? சிபிஐ இயக்குநரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள், 2 வருடப் பதவிக்காலம் உறுதி என்பதும் சரிதான். 2018 அக்டோபரில் அப்போதைய இயக்குநர் அலோக் வர்மாவை ராத்திரியோடு ராத்திரியாகப் பொறுப்பிலிருந்து விலக்கியபோது அந்த உறுதி என்ன ஆனது?

புகார் கொடுக்க நினைப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே போங்க. வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டால் 7 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கொடுத்தவர் மேலும் வழக்கு வரும்.