இயற்கை இசை கேட்டு இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கணம்

வெண்நாரை
ஃபின்லாந்து இசையமைப்பாளர் ரவுதவாராவின் 'கான்டுஸ் ஆர்க்டிகுஸ்' (1972). ஃபின்லாந்துச் சதுப்பு நிலப் பறவைகளின் குரலை ஒலிநாடாவில் பதிந்து, இசைக்குழுவோடு சேர்த்து ஓடவிட்டிருப்பாரே, அதுதான். இரவு ஒன்றரை மணி, வீட்டில் எல்லோரும் உறக்கம். இரண்டாம் பகுதி தொடங்கியதும் ஒரு பறவை கூப்பிட்டது. அத்தனை தாழ்ந்த குரலில் கூவும் பறவையை நான் கேட்டதே இல்லை. சொல்ல வந்ததைத் தயங்கித் தயங்கி யாரோ தொண்டையிலேயே வைத்திருப்பது போல. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, என்ன நினைத்தேனோ, சன்னலைத் திறந்து பார்த்தேன். இருட்டுதான்.

மறுநாள்தான் தெரிந்தது. அது ஒரு சின்ன வானம்பாடி இனப் பறவை. அதன் குரலை இரண்டு ஸ்தாயி கீழே இறக்கியிருக்கிறார். ஆக, நான் சன்னலில் தேடியது உலகத்தில் இல்லாத பறவையை. ஆறு மாதமாகிறது. இப்போது நிஜ வானம்பாடியின் பதிவைக் கேட்டால் ஏதோ அவசரமாகப் பேசி முடித்துவிட்டு ஓடுவது போல இருக்கிறது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

ஓபோக்காரன்
நாடாவில் பதிந்த பறவையை மேடையேற்றுவது எனக்குச் சம்மதமில்லை. பெத்தோவன் 1808இலேயே ஆறாவது சிம்பொனியில் புல்லாங்குழலுக்கு நைட்டிங்கேல், ஓபோ என்ற துளைக்கருவிக்குக் காடை, கிளாரினெட்டுக்குக் குயில் என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார். நாடா எதற்கு?

அந்தக் காடை நான்தான். அமெச்சூர் குழுதான், பெருமை ஒன்றுமில்லை. அந்தச் சிம்பொனியில் 'ஓடைக் காட்சி' என்ற பகுதி முடியும் தறுவாயில் மொத்தக் குழுவும் அடங்கிவிடும். நைட்டிங்கேல் தொடங்கும், அடுத்து நான். ஒரே சுரம், தாளம் மட்டும்தான் நடக்க வேண்டும். ஒத்திகையில் ஒருநாளும் தவறியதில்லை. கச்சேரியன்று சீவாளி காய்ந்துவிட்டது. ஊதினேன், புஸ்ஸென்று காற்று மட்டும் போனது. காடை இல்லாமலே குயில் கூவியது. பறவைகள் மறுபடி ஒருமுறை வரும், அப்போது ஒழுங்காகவே வாசித்தேன். முடிந்ததும் ஒருவர் வந்து, "முதல் தடவை ஒரு பறவை பயந்து பறந்தது போல் இருந்ததே, அதுதான் அருமை" என்றார். நன்றி என்று சொல்லித் தொலைத்தேன்.

தூறல்
எனக்கு நடந்தது சின்ன விஷயம். மழையும் பியானோவுமாக எட்டு மணி நேரம் ஓடும் ஒரு தூக்கப் பதிவு. மூன்று வாரம் நன்றாகத் தூங்கினேன். ஒரு நாள் கவனித்துவிட்டேன்: நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அதே தவளை, அதே இடத்தில், இரண்டரைக் கத்தல். அந்த அரைக் கத்தலில்தான் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து தவளைக்காகக் காத்துக்கொண்டு விழித்திருக்கிறேன்.

வெண்நாரை, நீங்கள் ஹெட்போனில் கேட்டதுதான் தவறு. இந்த வகை இசையை அறையில் ஓடவிட்டு, பக்கத்து அறையில் மழை பெய்கிற அளவுக்குத்தான் சத்தம் வைக்க வேண்டும். ஒலிக்கோப்பின் அளவை ரொம்பவும் சுருக்கியிருந்தால் முதலில் கெடுவது மழைதான். துளி துளியாகக் கேட்காமல் சோப்பு நுரை போலக் குழைந்துவிடும். போன் ஸ்பீக்கரில் அருவி கேட்காதீர்கள், அடி முழக்கமே வராது. இதைவிட நல்லது நீங்களே பதிவது. விடியலுக்குச் சற்று முன் போங்கள். மைக்குக்கு ரோமம் வைத்த உறை போடுங்கள், இல்லாவிட்டால் காற்று படுவதெல்லாம் தொம் தொம்மென்று விழும். நைலான் சட்டை வேண்டாம், அசைந்தாலே சரசரக்கும். முக்கியமாக, கருவியை ஓடவிட்டுவிட்டு அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். ஆள் நின்றால் பறவை வாய் திறக்காது. குறைந்தது அரைமணி நேரம் பதியுங்கள், அப்போதுதான் ஒட்டுப்போட வேண்டியிருக்காது.

வெண்நாரை
தூறல், நான் கேட்டது ஹெட்போன் சரியா என்றல்ல. ஓபோக்காரரே, உங்கள் கதை என் பக்கம்தான் பேசுகிறது, கவனித்தீர்களா? நீங்கள் வாசிக்காத பறவையைத்தான் அந்த மனிதர் கேட்டிருக்கிறார்.

கரையோரம்
இதையெல்லாம் அமைதி இசை என்று ஒரே பெட்டியில் போடுவதை நிறுத்துங்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் லூதர் ஆடம்ஸின் 'பிகம் ஓஷன்', 2014இல் இசைக்கான புலிட்சர் பரிசு வாங்கியது. 42 நிமிடம். குழுவை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏற்ற இறக்கம். எப்போதாவதுதான் மூன்றும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வரும். சிறு வயதில் என்னை ஒருமுறை அலை இழுத்துப் போயிருக்கிறது. அரங்கில் மூன்றும் சேர்ந்து எழும்பியபோது கால் தரையைத் தேடியது. உட்கார்ந்திருக்கிறேன், செருப்பு தரையில்தான் இருக்கிறது, இருந்தும் தேடியது. அது இறங்கும் வரை நான் மூச்சு விட்டதாக நினைவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் சுகமாகக் கண்ணயர்ந்திருந்தார்.

பழஞ்சுவடி
நாடாவா ஓபோவா என்ற சண்டையைக் கபிலர் எப்போதோ தலைகீழாக்கிவிட்டார். அகநானூறு 82: மூங்கிலில் வண்டு துளைத்த ஓட்டையில் நுழையும் காற்று குழல், அருவி முழவு, கலைமானின் குரல் தூம்பு என்ற ஊதுகருவி, வண்டு யாழ். கருவி காட்டைப்போல ஒலிக்கவில்லை, காடே கச்சேரி செய்கிறது, குரங்குகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

நான் அதை உவமை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மலைச்சரிவில் நடக்கும்போது மேலே யாரோ குழல் ஊதினார்கள். இரண்டு சுரம், மூன்றாவது வருவது போல வந்து நின்றுவிடும். ஆளைத் தேடி மேலே ஏறினேன். பட்டுப்போன ஒரு மூங்கில், தோளுயரத்தில் மிளகு அளவுக்கு ஓட்டை. கட்டைவிரலை வைத்து அடைத்தேன். ஒலி நின்றது. விரலை எடுத்தேன், கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, காற்று வந்ததும் மறுபடி தொடங்கியது. பைத்தியக்காரன் போல அங்கே நின்று பத்துப் பன்னிரண்டு தடவை அடைத்துத் திறந்துகொண்டிருந்தேன்.